மறு: வேட்டை வில்லின் பளபளப்பைக் குறைப்பதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வேட்டை வில்லின் பளபளப்பைக் குறைக்கும் வேலைக்குத் தமிழில் என்ன சொல் என்று, வில்வேட்டை பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் தங்கை கேட்ட கேள்விக்கு நல்ல நல்ல பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. நான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருப்பவன். இங்கே அக்டோபர் 1 பிறந்தால் மான் வேட்டைக்கு வில்லோடு காட்டுக்குள் போகிறவர்களில் நானும் ஒருவன். அதனால் இந்தச் சொல் எந்த வேலைக்குப் பெயராகப் போகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேராசிரியர் ஐயா எழுதியது:

> உருமறைப்பு என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. வில்லுக்கு வண்ணம் தீட்டுவதும் மினுமினுப்பைப் போக்குவதும் அதிலேயே அடங்கும். தனிச்சொல் தேவையில்லை.

ஐயா, உருமறைப்பு அருமையான சொல். தமிழகத்திலும் ஈழத்திலும் ஒன்றுபோலப் புழங்குகிறது. அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் இந்த இரண்டு வேலைகளையும் அந்த ஒரே சொல்லுக்குள் போடக் கூடாது என்பதுதான் என் வாதம். ஒன்றை ஒழுங்காகச் செய்துவிட்டு மற்றொன்றை விட்டால், செய்ததும் வீணாகிறது. தனித்தனியாகச் செய்ய வேண்டிய வேலைகளுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டும்.

உருமறைப்பு என்பது உருவத்தைப் பற்றியது. விலங்கின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது ஏன் என்று அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1896ல் விளக்கியதும், உடலின் விளிம்பை உடைத்துக் காட்டும் திட்டுகளைப் பற்றி விலங்கியலாளர் ஹியூ காட் 1940ல் விரிவாக எழுதியதும் இதைத்தான். வில்வேட்டைக்காரர்களுக்கென்றே மரப்பட்டை போன்ற கோலத்தில் வர்ஜீனியாவின் ஜிம் கிரம்லி துணி கொண்டுவந்தாரே, அதுவும் இதே வகைதான். நிறமும் கோலமும் சேர்ந்து, இது வில், இது கை என்று பிரித்தறிய விடாமல் செய்வது.

பளபளப்பு வேறு கதை. கண்ணாடியிழை வைத்து ஒட்டிய ரிகர்வ் வில் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்) ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கைப்பிடிக்கு மேலும் கீழும் நீளும் இரண்டு கைகளும் தட்டையான பட்டைகள். அவற்றின் மேல் தெளிவான வார்னிஷ் போன்ற பூச்சு. கீழே இலைக்கோலம் வரைந்திருந்தாலும் சரி, வெறும் மரம் தெரிந்தாலும் சரி, மேலே இருக்கும் அந்தப் பூச்சு கண்ணாடியின் வேலையைச் செய்யும். நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காடுதான் அதன் மேற்பரப்பில் திரும்புகிறது. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அது நூறு திசைக்கும் பரவாமல் ஒரே திசையில் போகிறது, வருவதோ சூரியனிடமிருந்து. காலைச் சூரியன் போலச் சாய்வாக விழுந்தால் அந்த 4 விழுக்காடும் மளமளவென்று கூடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் அதிலிருந்து திரும்பும் கதிர் இரண்டு பாகை திரும்பும். நாம் பள்ளியில் படித்ததுதான். நாணை இழுக்கும்போது வில்லின் இரு கைகளும் வளைகின்றன, வில்லும் மெல்ல உயர்கிறது. வேட்டைக்காரனுக்குத் தன் கை அசைந்ததே தெரியாது. ஆனால் பட்டையிலிருந்து கிளம்பிய வெளிச்சம் எதிரே இருக்கும் புதர்களின் மேல் வேகமாக ஓடிப் போகும். மானுக்கு அசைவைப் பிடிக்கத்தான் கண். வில்லின் முதுகுப்பக்கம்தான் மானைப் பார்த்து இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எவ்வளவு அழகான கோலம் தீட்டியிருந்தாலும் அந்த ஒரு நொடியில் காரியம் கெட்டது.

நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெண்வால் மானுக்குக் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான். நமக்கு மூன்று. 1992ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது ஒன்று நீலத்துக்கும் மற்றொன்று பச்சைக்கும் எதிர்வினை காட்டியது. சிவப்புக்கென்று தனியாக எதுவும் இல்லை. துப்பாக்கி வேட்டைக்காலத்தில் இங்கே எல்லாரும் பளீரென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டும் மான் கிடைக்கிறது என்றால் காரணம் இதுதான். ஆக, நிறத்தில் கொஞ்சம் பிசகினால் மான் மன்னித்துவிடும். ஆனால் பளபளப்பான பூச்சு காட்டுவது பூச்சின் நிறத்தை அல்ல, எதிரே இருக்கும் வானத்தின் நிறத்தை. விடியும் நேரத்திலும் அந்தி சாய்ந்த பிறகும் வானம் நீலம். மானின் கண் நன்றாக வேலை செய்யும் பகுதியும் அதுதான். பச்சையும் பழுப்புமாகத் தீட்டிய வில், மானுக்கு ஒரு நீலக் கீற்றாகத் தெரிகிறது.

இனி, வந்த சொற்களைப் பார்ப்போம்.

> பளபளப்பு நீக்கம் போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், உண்மைதான். ஆனால் நீக்கம் என்றால் முழுவதும் எடுத்துவிடுவது. இங்கே யாரும் பூச்சை எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. செய்முறையைக் கேளுங்கள். நாலு சைபர் எஃகுப் பஞ்சு என்று மிக மெல்லிய பஞ்சு கடையில் கிடைக்கும். நாணை அவிழ்த்து, வில்லை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பஞ்சால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக மாவு போலத் துகள் எழும். அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், முன்பு ஜன்னல் கம்பி அச்சாகத் தெரிந்த இடத்தில் வெறும் வெண்மையான மங்கல் மட்டும் இருக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் தேய்த்தால் கண்ணாடியிழை வெளியே வந்துவிடும். பிறகு ஈரம் இறங்கும், இழை கையில் குத்தும். உப்புத்தாளை எடுக்கவே வேண்டாம், அவ்வளவு கரகரப்பு தேவையில்லை. அசிட்டோன் போட்டுத் துடைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள்: கூடாது, பூச்சே கரைந்து போகலாம். ஆக இது மேற்பரப்பை நுண்ணியதாகக் கீறிவிடும் வேலை, நீக்கும் வேலை இல்லை.

> தெறிப்புக் குறைப்பு எண்டு வைக்கலாம். எங்கட பாடப்புத்தகத்தில ஒளி திரும்புறதுக்குத் தெறிப்புத்தான்.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. எதிரொளிப்பு என்ற நம் பாடநூல் சொல்லைவிட வாயில் எளிதாக வருகிறது. ஆனால் அண்ணா, பொருள்தான் இடிக்கிறது. பஞ்சால் தேய்த்த பிறகு தெறிப்பு குறைவதில்லை, சிதறுகிறது. ஒழுங்கான தெறிப்பு ஒழுங்கற்ற தெறிப்பாக மாறுகிறது. வெள்ளைத்தாளில் துளியும் பளபளப்பு இல்லை, ஆனால் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. மூக்குக்கண்ணாடியிலும் கேமரா லென்ஸிலும் பூசுகிறார்களே, அது ஒளி திரும்புவதையே உண்மையில் குறைக்கிறது. உங்கள் சொல்லை அந்தப் பூச்சுக்கு வைத்துக்கொள்வோம். இங்கே செலவழித்துவிட்டால் அங்கே வேறு சொல் தேட வேண்டிவரும்.

> மினுக்கடக்கம். அடக்கம் என்பதில் மட்டுப்படுத்துதல் இருக்கிறது, முழு நீக்கம் இல்லை.

அக்கா, அடக்கம் என்று நீங்கள் பிடித்த இடம் மிகச் சரி. மினுக்குதான் எனக்கு நெருடுகிறது. எங்கள் பக்கம் மினுக்கிக்கொண்டு திரிகிறான் என்றால் அலங்காரம் பண்ணிக்கொண்டு அலைகிறான் என்று அர்த்தம். பொதுவான அகராதிப் பதிவுக்கு அந்த வாடை வேண்டாம் என்று நினைக்கிறேன்.

என் பரிந்துரை: ஒளிமழுக்கல்.

மழுங்கு தன்வினை, மழுக்கு பிறவினை. அடங்கு, அடக்கு போல. முகத்தின் ஒளி மழுங்கியது என்று இன்றும் எழுதுகிறோம், யாருக்கும் அகராதி தேவைப்படாது. கத்தியை மழுக்கினால் கத்தி போய்விடுவதில்லை, அதன் கூர்மைதான் போகிறது. இங்கேயும் ஒளி போவதில்லை, குத்தும் கூர்மை போகிறது. மேலே சொன்ன இயற்பியல் அப்படியே சொல்லுக்குள் இருக்கிறது. வாக்கியத்திலும் இயல்பாக வருகிறது: வேட்டைக்கு முன் வில்லின் ஒளியை மழுக்கினான்.

ஒரு இடைஞ்சல் உண்டு. முயல், அணில் போன்றவற்றுக்கு மொட்டை முனை அம்பு எய்வார்கள். அதை மழுமுனை அம்பு என்று நம் தொகுப்பில் ஏற்கெனவே போட்டிருக்கிறோம். அதனால் வெறும் மழுக்கல் என்று எழுதினால் வில்வித்தைச் சூழலில் அம்பு முனை நினைவுக்கு வரும். முன்னால் ஒளி என்பதை எந்த இடத்திலும் விடாமல் எழுத வேண்டும். சேர்த்தே எழுதுவோம், இடைவெளி வேண்டாம்.

தேய்த்த பிறகு வரும் தன்மைக்கும், அப்படியே டப்பாவில் கிடைக்கும் பூச்சுக்கும் மங்கல் பூச்சு என்று போடலாம். நம் ஊர்ப் பெயின்டர்கள் மேட் ஃபினிஷ் என்பார்கள். அதையும் அடைப்பில் இல்லாமல் இணைச்சொல்லாகவே பதியலாம். ஒளிமழுங்கல் என்று அதற்கு வைக்க ஆசைதான், ஆனால் ங்-கும் க்-கும் மட்டும் மாறிய இரண்டு சொற்கள் ஒரே பக்கத்தில் வந்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். பெயின்ட் தொழிலில் பளபளப்பை அளக்கும் கருவியும் உண்டு. ஐஎஸ்ஓ 2813 தரப்படி பொதுவாகச் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்வில் அளப்பார்கள், மிக மங்கலான பரப்பு என்றால் 85 பாகைக்குப் போவார்கள். நேரே மங்கலாகத் தெரிவதும் மிகவும் சாய்த்துப் பார்த்தால் பளபளக்கும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. வில்லைப் பரிசோதிக்கும்போதும் சாய்த்தே பார்க்க வேண்டும் என்பதைத் தங்கை கட்டுரையில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

கடைசியாக, வில்லின் கைகளுக்கு மேல் இழுத்துவிடும் துணிக்குழாய். கோலம் போட்ட, நீண்டு சுருங்கும் துணி. பூச்சைத் தொட மனம் வராதவர்கள், பேர் (Bear) நிறுவனத்தின் பழைய வில்லை வைத்திருப்பவர்கள், இதைத்தான் போடுவார்கள். ஃப்ரெட் பேர் 1933ல் டெட்ராய்ட்டில் தொடங்கி 1947ல் இதே மாநிலத்துக் கிரேலிங்குக்குக் கொண்டுபோன அந்த நிறுவனத்தின் பழைய வில்கள் இங்கே பல வீடுகளில் சொத்து போல இருக்கின்றன; அதன் மேல் எஃகுப் பஞ்சை வைக்கச் சொன்னால் அடிக்கவே வருவார்கள். கோலம், ஒளிமழுக்கல் இரண்டையும் ஒரே துணி செய்துவிடுகிறது. மழையில் நனைந்தால் உடனே கழற்றி வில்லைத் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குக் கையுறை என்று வந்த பரிந்துரை வேண்டாம், வில்லாளி விரலில் போடுவதோடு குழம்பும். வில்லுறை என்றால் வில்லை வைத்து எடுத்துப் போகும் பை. நான் சொல்வது வில்சட்டை. பாம்பு சட்டையை உரிப்பது போல இதுவும் முழுசாக உரிந்து வரும். வல்லினம் வந்தால் விற்சட்டை என்றுதான் ஆக வேண்டும் என்று ஐயா சொல்வார்கள், விற்படை போல. தலைச்சொல்லாக விற்சட்டை, புழக்க வடிவமாக வில்சட்டை என்று இரண்டையும் பதிந்தால் எனக்குச் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, பெயின்ட் கடை அல்லது மரவேலைப் பழக்கம் உள்ளவர்கள் பளபளப்பைச் சாகடிக்கும் இந்தத் தேய்ப்புக்கு உங்கள் ஊரில் ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துச் சொன்னால், என் சொல்லை நானே எடுத்துக்கொண்டு அதற்கு வழிவிடுகிறேன். நாணில் கட்டும் சத்தம் குறைக்கும் குஞ்சத்துக்கும் சொல் இல்லை. அதைத் தனி இழையில் தொடங்கலாம்.

அன்புடன்,
மிச்சிகனிலிருந்து