களிமண் சேற்றில் கூடாரச் சாமான்களைக் கொண்டுபோக எந்த வண்டி சரிப்படும்?

வணக்கம். 2027 ஜூனில் கிளாஸ்டன்பரி இசைவிழாவுக்குக் குடும்பத்தோடு போக ஆசை. சாமான்களை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

இடம் இங்கிலாந்தின் சோமர்செட்டில், பில்டன் கிராமத்துப் பண்ணை. அடியில் களிமண், 2016-இல் பெய்ததுபோல மழை பெய்தால் பூட்ஸே உள்ளே இழுபடும். காரை நிறுத்திவிட்டுக் கூடாரம் போடும் வயல்வரை எல்லாவற்றையும் நாம்தான் சுமக்க வேண்டும். ஆறு பேர் கூடாரம், தூங்கும் பைகள், தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்துச் சுமார் 45 கிலோ.

கையில் இருப்பது துணித்தொட்டி வைத்த மடக்கு வண்டி, நான்கு சின்னப் பிளாஸ்டிக் சக்கரம். போன வருடம் வேறொரு விழாவில் சேறும் புல்லும் சக்கரத்தோடு சுருண்டு ஏறி, சட்டத்துக்கு நடுவே செங்கல்போல இறுகிவிட்டது. கூடார முளையால் நோண்டி எடுத்தோம். பத்தடியில் மறுபடி அதே கதை. சமையல் எண்ணெய் தடவிப் பார்த்தோம், கொஞ்ச தூரம்தான் தாங்கியது. அப்புறம் பிளாஸ்டிக் பனிச்சறுக்குத் தட்டு: நீர்த்த சேற்றில் அருமையாக வழுக்குகிறது, காய ஆரம்பித்த களியில் அசையவே மாட்டேன் என்கிறது. முதுகில் சுமந்து பல நடை நடக்கலாம்தான், ஆனால் குழந்தைகளைக் கூட்டத்தில் விட்டுப் போக மனசு வராது.

காற்றடைத்த ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, அகலமான பலூன் டயர் போட்ட கடற்கரை வண்டி, இந்த இரண்டில் எது இப்படிப்பட்ட களிமண்ணில் இவ்வளவு பாரத்தோடு சிக்காமல் ஓடும்?