புதுப்பிப்பு: படகின் அடியில் கொட்டலசு

ஃபைபர் படகின் அடியில் கொட்டலசு (ஒட்டிக்கொண்டு வளரும் ஓடுள்ள சின்னக் கடலுயிர், பார்னக்கிள்) அப்பி டீசலைத் தின்கிறது, என்ன பூசலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வெள்ளீயம் கலந்த பழைய டிபிடி பெயின்ட்தான் கேட்கும் என்றார் ஒருவர். அண்ணே, அது வேண்டாம். பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி ஓடுகளையே கோணலாக்கிய சரக்கு அது. 2008-இல் உலக அளவில் தடை அமலுக்கு வந்துவிட்டது.

சிலிக்கோன் பூச்சில் நஞ்சு இல்லை. ஆனால் படகு வேகமாக ஓடினால்தான் ஒட்டியது உதிரும். நம்முடையது பாதி நாள் கட்டியே கிடக்கிறது.

கடைசியில் தார்ப்பாய் விரித்துச் சுரண்டினோம். இரண்டு வாளி ஓடு, அப்படியொரு நாற்றம்! வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் இன்னும் போகவில்லை. அப்புறம் தாமிரப் பெயின்ட், இரண்டு கோட். அதுவும் நஞ்சுதான், தெரியும். சுரண்டிய தூளையாவது கடலில் தள்ளவில்லை.