80களில் திருகோணமலையில் சென்னைத் தூரதர்ஷன் எப்படி இழுத்தது?

உப்புவெளிப் பிள்ளை:
80களில் உப்புவெளி வீட்டில் கமுகு மரம் நட்டு அன்ரனா கட்டி, சில இரவுகளில் சென்னைத் தூரதர்ஷன் பார்த்ததாக அப்பா சொல்கிறார். சென்னை இங்கிருந்து 500 கிலோமீற்றர் அளவு. அது எப்படி வந்தது? ஏன் எல்லா நாளும் வரவில்லை?

பழைய ரிவி திருத்துநர்:
அப்பா சொல்வது உண்மை, பிள்ளை. அந்தக் காலத்தில் டவுனில் ரிவி திருத்தினவன் நான். கச்சான் காற்றுத் தொடங்கினால் போதும், அன்ரனாவை வடக்கே திருப்பித் தரச்சொல்லி ஆட்கள் வந்துவிடுவார்கள்.

காரணமும் கச்சான்தான். தரையில் காய்ந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று கடலுக்கு மேலே போய்ப் படரும். அடியில் ஈரமான, குளிர்ந்த காற்று கிடக்கும். வழக்கமாக ரிவி அலை அடிவானம் தாண்டினால் மேலே போய்விடும். 100 கிலோமீற்றர் வருவதே பெரிது. இப்படிக் காற்று இரண்டு படையாக நிற்கும்போது அலை மேலே தப்பாமல் வளைந்து வளைந்து கடல் நெடுக ஓடிவரும். சென்னைக்கும் நமக்கும் நடுவில் மலையா காடா, முழுக்கக் கடல். காற்று கலங்கினால் படை குலையும், படமும் போய்விடும்.

அதோடு இரண்டு நாடும் பால் (PAL) என்ற ஒரே கலர் ரிவி முறை: 625 கோடு, விநாடிக்கு 25 படம். நம் நாட்டு ரூபவாஹினிக்கென்று வாங்கின பெட்டியே போதும். அமெரிக்காவின் 525 கோட்டுப் பெட்டி என்றால் படம் உருண்டுகொண்டே இருக்கும். அப்பாவிடம் கேளுங்கள், முதலில் கறுப்பு வெள்ளையாக வந்து திடீரென்று கலர் பிடித்திருக்கும். அலை மெலிந்தால் கலரை நிறுத்திவிடும் சுற்று ஒன்று பெட்டிக்குள்ளேயே உண்டு. அது தெரியாமல் பிக்சர் டியூப் போய்விட்டதென்று பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் எத்தனை பேர்!

நிலாவெளியான்:
எங்கள் வீட்டு அன்ரனாவின் குறுக்குக் கம்பி ஆளை விட நீளம். ஏன் அண்ணை?

பழைய ரிவி திருத்துநர்:
கம்பி, அலை நீளத்தில் பாதி அளவு இருக்க வேண்டும் தம்பி. 60 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு அது இரண்டரை மீற்றர். இந்தக் குறுக்குக் கம்பி அன்ரனா ஜப்பானில் 1926இல் உடாவும் யாகியும் கண்டுபிடித்த அமைப்பு. நம்முடைய உப்புக்காற்றில் முதலில் கெடுவது, அன்ரனாவிலிருந்து பெட்டிக்கு வரும் ரிபன் வயர் பூட்டும் இடம்தான். செம்பு பச்சை பிடித்துவிடும். நான் அதில் கிறீஸ் அப்பித்தான் கொடுப்பேன்.

உப்புவெளிப் பிள்ளை:
மிக்க நன்றி ஐயா. இப்போதும் அப்படி ஏதாவது இழுக்குமா?

பழைய ரிவி திருத்துநர்:
ரிவி கஷ்டம், தூரதர்ஷனின் பழைய அனலொக் கோபுரங்களை அநேகமாக மூடிவிட்டார்கள். எஃப்.எம் வானொலி 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ். அதுவும் இதே வழியில் வரக்கூடியது. கச்சான் நாளில் இருட்டினபிறகு கடற்கரைப் பக்கம் போய் முள்ளை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள்.