5 செ.மீ. சீலுக்கு 3 செ.மீ. கட்டம்

படிவத்தில் நோட்டரி சீல் போட இடமில்லாத தொல்லையைப் பற்றி இங்கே பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் மதுரையில் ஒரு நோட்டரி வக்கீலிடம் குமாஸ்தா. எங்கள் ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் நோட்டரி சீலின் அளவை யாரும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 1956ஆம் ஆண்டு நோட்டரி விதிகளின்படி அது வட்டமாக, 5 செ.மீ. விட்டத்தில் இருக்க வேண்டும். நோட்டரியின் பெயர், எந்தப் பகுதிக்கு நியமனம், பதிவு எண், நியமித்த அரசு எல்லாம் அந்த வட்டத்துக்குள் இருக்கும். படிவம் தயாரிக்கிறவர்களோ கடைசி வரிக்குக் கீழே தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கட்டம் போட்டு, ‘நோட்டரி சீல்’ என்று எழுதிவிடுகிறார்கள். கையெழுத்து, தேதி, நோட்டரி கட்டணத்துக்காக ஒட்டும் நோட்டரியல் ஸ்டாம்ப் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே இடம்தான்.

மகனை வெளிநாட்டில் படிக்க வைக்க, செலவை ஏற்பதாக ஒரு பிரமாணப் பத்திரத்தோடு ஒரு பெரியவர் வந்தார். வலது மூலையில் குட்டிக் கட்டம், அதை ஒட்டியே கியூஆர் கோடு. நாங்கள் பழைய ஓ.எச்.பி. ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) 5 செ.மீ. வட்டம் வெட்டி வைத்திருக்கிறோம். சீலைத் தொடும் முன் அதைப் படிவத்தின் மேல் நகர்த்திப் பார்ப்போம். எங்கே வைத்தாலும் கியூஆர் கோடோ, அவருடைய கையெழுத்து வரியோ மாட்டியது.

“கட்டத்துக்குள்ளதான் போடணும்னு இருக்கே சார்?” என்றார்.

“பாதி சீல் விழுந்தா என் பதிவு எண்ணே தெரியாதுங்கய்யா. எழுத்து மேல விழுந்தா ரெண்டையுமே படிக்க முடியாது” என்றார் எங்கள் சார்.

அப்புறம் தனித்தாளில் சான்று எழுதினார். வெறுமனே ‘என் முன் கையெழுத்திட்டார்’ என்று எழுதினால் போதாது. எந்த ஆவணம், எத்தனை பக்கம், யார் கையெழுத்து, என்ன தேதி என்று எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாளைக் கழற்றி வேறொன்றில் சேர்த்துவிடலாம். கட்டத்துக்குள் ‘இணைப்புத் தாள் பார்க்க’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். இரண்டையும் நூல் கோத்துக் கட்டி, தாள்கள் சேரும் இடத்தில் இன்னொரு சீல். பெரியவர் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது.

கட்டத்துக்காகச் சீலை நசுக்குவதைவிடத் தனித்தாள் எப்போதும் மேல். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

சீலில் பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழும்படி போடச் சொல்லும் படிவங்கள் இன்னொரு வகை. பளபளப்பான போட்டோவில் மை சீக்கிரம் காயாது, விரல் பட்டாலே இழுத்துக்கொள்ளும். கீழ் மூலையில் மட்டும் படும்படி போட்டு, டிஷ்யூவால் ஒற்றி, காயும் வரை மடிக்காமல் வைக்க வேண்டும். முகத்தின் மேல் சீல் விழக் கூடாது.

——

சேலத்திலிருந்து எழுதுகிறேன். தனித்தாள் யோசனை அருமை அண்ணே. ஒன்று சேர்க்கிறேன். வெளிநாட்டுக்குப் போகும் ஆவணத்தில் அப்போஸ்டில் ஸ்டிக்கரை (வெளிநாட்டில் ஆவணம் செல்ல நம் வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று) பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் ஒட்டுகிறார்கள். முன்னால் இடமில்லை என்று என் ஆவணத்தின் பின்பக்கம் முழுக்க சீலும் ஸ்டாம்பும் போட்டுவிட்டார்கள். ஏஜென்ட் பார்த்துவிட்டு, வேறு நகலில் முதலிலிருந்து செய்து வரச் சொன்னார். பின்பக்கத்தைக் காலியாக விடச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

——

அமெரிக்கப் படிவங்களைப் பிரின்ட் எடுக்கும்போதும் கவனம். அவை லெட்டர் அளவுக்குச் செய்தவை, நம் ஏ4 தாளைவிட நீளம் குறைவு, அகலம் கொஞ்சம் அதிகம். ஏ4இல் எடுத்தால் கீழே சற்றுக் கூடுதலாக வெள்ளை இடம் கிடைக்கும். என் தங்கை படிவத்தில் அந்த இடத்தில்தான் சீல் முழுசாக உட்கார்ந்தது. வெளிர் ஊதா மை மட்டும் வேண்டாம், ஸ்கேனில் பாதி மறைந்துபோகிறது.