நர்ஸிங் படிக்கிறேன், அனஸ்தீசியா (மயக்க மருந்து) பக்கம் போகணும்னு ஒரே வெறி, இப்பவே என்ன பண்ணலாம்?

பிஎஸ்என்_ஜூனியர்:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல பிஎஸ்என் (நர்ஸிங் டிகிரி) மூணாவது வருஷம் படிக்கிறேன். போன செமஸ்டர் ஓஆர் (ஆபரேஷன் தியேட்டர்) ரொட்டேஷன்ல எங்கள சர்ஜரி பாக்கத்தான் அனுப்புனாங்க. கூட வந்தவங்க எல்லாம் வயித்துக்குள்ள என்ன பண்றாங்கன்னு எட்டி எட்டி பாத்தாங்க, நான் மட்டும் தலைமாட்டுல நின்ன சிஆர்என்ஏ (அனஸ்தீசியா குடுக்குற நர்ஸ்) பக்கத்துலயே ஒட்டிக்கிட்டேன். தூங்க வைக்கிற புரோபோஃபால் உள்ள போகுது, பேஷண்ட் பேசிட்டு இருந்த பேச்சு பாதியில நிக்குது, மாஸ்க் வச்சு மூச்சு குடுக்குறாங்க, டியூப் போடுறாங்க, ஸ்கிரீன்ல சிஓ2 அலை வருது, அடுத்த நிமிஷம் பிபி விழுது, கொஞ்சூண்டு ஃபினைலெஃப்ரின் தள்ளுறாங்க, ஏறிடுது. வார்டுல ஒரு மாத்திரைய குடுத்துட்டு அது வேலை செஞ்சுதான்னு அடுத்த ஷிப்ட்காரங்கதான் பாப்பாங்க, இங்க குடுத்த கையே பலனையும் பாக்குது. அன்னைல இருந்து எனக்கு வேற எதுவும் மனசுல ஓடல. பார்மகாலஜி கிளாஸ்ல முன்னாடி தூங்குவேன், இப்ப ரிசப்டர் ரிசப்டரா தேடி படிக்கிறேன்.

ஆனா வெளிய சொன்னா ஒரு மாதிரி பாக்குறாங்க. கிளாஸ்ல ஒரு இன்ஸ்ட்ரக்டர் கேட்டாங்க, சிஆர்என்ஏன்னு சொன்னேன், "இன்னும் ஒரு பெட்பேன் ஒழுங்கா எடுக்கல, அதுக்குள்ளயா"ன்னு சிரிச்சாங்க. எங்க அப்பா வேற, அவ்ளோ வருஷம் படிக்கிறதுக்கு நேரா டாக்டருக்கே படிக்கலாமேன்னு போன் பண்ணும்போதெல்லாம் ஆரம்பிச்சிடுறார். இதுல யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல.

முதல்ல மெட்-சர்ஜ்ல (பொது வார்டுல) ஒரு வருஷம் இருந்தாத்தான் ஐசியூ எடுப்பாங்களா? ஐசியூ இன்டர்வியூல இந்த ஆசைய சொல்லலாமா மறைக்கணுமா? நிஜமாவே இது ஆசையா, இல்ல ஒரு நாள் பாத்து மயங்குனதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? அக்கா அண்ணா யாராச்சும் இந்த ஃபீல்டுல இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

சிவிஐசியூ_நைட்ஷிப்ட்:

தங்கச்சி, நான் கார்டியாக் சர்ஜரி ஐசியூல பல வருஷமா இருக்கேன், புதுசா வர்றவங்களுக்கு பிரிசெப்டரும் (கூட நின்னு வேலை கத்துக்குடுக்கறவங்க) நான்தான், அதனால கொஞ்சம் காரமா இருந்தா கோச்சுக்காத.

மெட்-சர்ஜ் கட்டாயம் இல்ல. நிறைய ஆஸ்பத்திரில புது கிராஜுவேட்ட நேரா ஐசியூ ரெசிடென்சில (புது நர்ஸுக்கான பயிற்சி வேலை) எடுக்குறாங்க. அனஸ்தீசியா ஸ்கூல் கேக்குறது குறைஞ்சது ஒரு வருஷம் ஃபுல்டைம் கிரிட்டிகல் கேர் அனுபவம், ஆனா அது குறைஞ்சபட்சம்தான், அதோட மட்டும் போய் நிக்கிறவங்களுக்கு சீட் கஷ்டம், ரெண்டு மூணு வருஷம் இருக்குறவங்களோடதான் நீ போட்டி போடணும். எந்த ஐசியூன்னும் பாத்துக்க. எமர்ஜென்சி அனுபவத்த ஏத்துக்கற ஸ்கூல் இருக்கு, ஏத்துக்காததும் இருக்கு, நீ போட நினைக்கிற ஸ்கூல் ஒவ்வொண்ணையும் தனித்தனியா கேட்டுக்க. வென்டிலேட்டர், ஆர்ட்டீரியல் லைன் (தமனியில போட்டு பிபி பாக்குற குழாய்), ஒரே பேஷண்ட்டுக்கு நாலஞ்சு டிரிப், இதெல்லாம் தினமும் கைல படுற யூனிட்டா பாரு. பேருக்கு ஐசியூ, உள்ள போனா எல்லாரும் எந்திரிச்சு உக்காந்து டிவி பாக்குறாங்கன்னா உனக்கு அங்க வேலை இல்ல.

இப்ப காரத்துக்கு வரேன். உங்க இன்ஸ்ட்ரக்டர் சிரிச்சது தப்புதான், ஆனா அந்த எரிச்சல் எங்கேந்து வருதுன்னு தெரிஞ்சுக்கோ. மாசக்கணக்குல பக்கத்துல நின்னு ஒருத்தர தயார் பண்ணுவோம், தனியா ஒரு கஷ்டமான பேஷண்ட்ட பாத்துக்குற அளவுக்கு வர்ற நேரத்துல "அட்மிஷன் கிடைச்சிருச்சு"ன்னு போயிடுவாங்க. போறதுல எனக்கு கோபமே இல்ல, அவங்கவங்க வாழ்க்கை. ஆனா சிலர் இருந்த காலத்துலயே எங்கள பஸ் ஸ்டாண்டா நெனச்சு இருந்துட்டு போவாங்க பாரு, பலூன் பம்ப் (இதயத்துக்கு உதவுற மெஷின்) கேஸ்னா ஓடி வருவாங்க, வயசான டெலிரியம் (புத்தி குழம்புன) பேஷண்ட்ட நாலாவது தடவை துடைச்சு திருப்பி படுக்க வைக்கணும்னா ஆளக் காணோம், அதத்தான் யாராலயும் பொறுக்க முடியாது.

அதனால இன்டர்வியூல பொய் சொல்ல வேணாம், அதையே முதல் வரியாவும் சொல்ல வேணாம். மேல படிக்கணும்னு இருக்கு, ஆனா முதல்ல நல்ல ஐசியூ நர்ஸ் ஆகணும்னு சொல்லு, சொன்ன மாதிரி இரு. கொஞ்ச நாள் கழிச்சு உன் வேலைய பாத்துட்டு சார்ஜ் நர்ஸே உனக்கு பெரிய கேஸ் எடுத்து குடுப்பாங்க. ரெகமெண்டேஷன் லெட்டர் எழுதப்போறதும் அவங்கதான்.

இன்னொண்ணு, ஆர்டர்ல இருக்குன்னு டிரிப்ப ஏத்தி இறக்குறவங்கள ஸ்கூல் இன்டர்வியூல ரெண்டாவது கேள்வியிலயே கண்டுபிடிச்சிடுவாங்க. பிபி ஏத்துற நோர்எபிநெஃப்ரின் ஏறிக்கிட்டே போகுது, வாஸோபிரஸின் சேத்தாங்க, ஏன் சேத்தாங்க, நோர்எபிய ஏத்துற மாதிரி அத ஏத்தாம நிமிஷத்துக்கு 0.03 யூனிட்லயே ஏன் விட்டுட்டாங்க, அது எந்த ரிசப்டர்ல வேலை செய்யுது? ராத்திரி மூணு மணிக்கு யாரும் கேக்காமலே இத நீயா உன்ன கேட்டுக்கிட்டேன்னா உன் ஆசை உண்மைதான்.

எஸ்ஆர்என்ஏ_ரெண்டாம்வருஷம்:

மேல அக்கா சொன்னத அப்படியே வழிமொழியிறேன், இப்ப அனஸ்தீசியா ஸ்கூல்ல இருக்கேன், உள்ளேந்து கொஞ்சம் சொல்றேன்.

முன்னாடி மாஸ்டர்ஸ் போதும், 2022 ஜனவரில இருந்து புதுசா சேர்றவங்க எல்லாருக்கும் டாக்டரேட்தான், டிஎன்பி இல்லன்னா டிஎன்ஏபி. குறைஞ்சது 36 மாசம். கிளினிகல் மணி நேரம் குறைஞ்சது 2000, கேஸ் குறைஞ்சது 600, அதுக்குள்ள குழந்தைங்க, பிரசவம், இதயம், ரீஜனல் பிளாக் (ஒரு பகுதிய மட்டும் மரத்துப்போக வைக்கிறது)னு ஒவ்வொரு வகையிலயும் இத்தனைன்னு கணக்கு இருக்கு. முடிச்சதும் நேஷனல் சர்ட்டிஃபிகேஷன் எக்ஸாம், கம்ப்யூட்டர் நம்ம பதில பாத்து அடுத்த கேள்விய மாத்துற வகை, 100 கேள்வில இருந்து 170 வரைக்கும் போகலாம்.

இந்த காலத்துல வேலைக்கு போக முடியும்னு நினைக்காதீங்க, பெரும்பாலான ஸ்கூல் கூடாதுன்னே சொல்லிடும், விட்டாலும் உடம்பு கேக்காது. அப்ப காசு? இது முக்கியம், 2025ல வந்த சட்டத்தால புதுசா கடன் வாங்குறவங்களுக்கு 2026 ஜூலை 1ல இருந்து கிராட் பிளஸ் (மேல்படிப்புக்கான ஃபெடரல் கடன்) கிடையாது, முன்னாடி மாதிரி ஃபீஸ் முழுசையும் ஃபெடரல் கடன்லயே எடுத்துடலாம்னு கணக்கு போட முடியாது. ஐசியூல சம்பாதிக்கிற வருஷத்துலயே சேத்து வைக்க ஆரம்பிங்க, ஸ்கூல் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடியே பேசுங்க. வேலையில்லாத மூணு வருஷத்துக்கு வாடகையும் இருக்குல்ல.

இப்ப மூணாவது வருஷம்னா உங்க கைல இருக்கறது ஜிபிஏதான், அதுலயும் கெமிஸ்ட்ரி, அனாடமி, பிசியாலஜி மார்க்க தனியா எடுத்து பாப்பாங்க. பின்னாடி சரி பண்ணிக்கலாம், கிராஜுவேட் லெவல்ல ஒரு கோர்ஸ் எடுத்து ஏ வாங்கி காட்டுறவங்க இருக்காங்க, ஆனா இப்பவே பாத்துக்கிட்டா அந்த செலவு மிச்சம். ஐசியூ போனப்புறம் சிசிஆர்என் (கிரிட்டிகல் கேர் நர்ஸ் சான்றிதழ்) பரீட்சை எழுதிடுங்க, அதுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள 1750 மணி நேரம் வேணும், அதுல 875 கடைசி ஒரு வருஷத்துக்குள்ள.

யாரும் சொல்லாத ஒண்ணு சொல்லட்டுமா. ஐசியூல எல்லாரும் உங்ககிட்ட வந்து சந்தேகம் கேக்குற நிலைமைக்கு வந்துருப்பீங்க, ஸ்கூல் வந்த முதல் மாசம் மாஸ்க்க முகத்துல ஒழுங்கா பிடிக்க தெரியாம நிப்பீங்க. விடியறதுக்கு முன்னாடி போய் மெஷின் செக் பண்ணி, மருந்து எடுத்து லேபில் ஒட்டி வச்சா, பிரிசெப்டர் வந்து ஒவ்வொரு சிரிஞ்சா தூக்கி கேள்வி கேப்பார். எங்க பேட்ச்ல படிப்பு வராம தவிச்சவங்கள விட, இப்படி மறுபடி ஒண்ணும் தெரியாத ஆளா நிக்க மனசு வராம தவிச்சவங்கதான் ஜாஸ்தி.

தலைமாட்டு_ஆளு:

ரொம்ப வருஷமா சிஆர்என்ஏவா இருக்கேன், அதுல பாதி கிராமப்புற சின்ன ஆஸ்பத்திரில. உங்க மூணாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வந்தேன்மா, மத்ததெல்லாம் மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க.

நீங்க பாத்து மயங்குனது இன்டக்ஷன், பேஷண்ட்ட தூங்க வைக்கிற கட்டம். அது பத்து நிமிஷம். அதுக்கப்புறம் மூணு மணி நேரம் அந்த ஸ்டூல்ல என்ன நடக்குதுன்னு உக்காந்து பாத்தீங்களா? வெளிலேந்து பாத்தா ஒண்ணுமே நடக்காது. சிஓ2 35ல இருந்து 48க்கு மெல்ல மெல்ல ஏறுது. லேப்ராஸ்கோபிக்கு வயித்துல ஊதுன கேஸ் ரத்தத்துல கலக்குதா, வென்டிலேஷன் பத்தலயா, மெஷின்ல சிஓ2வ உறிஞ்சுற சோடா லைம் தீர்ந்துருச்சா, இல்ல லட்சத்துல ஒண்ணா மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவா (அனஸ்தீசியா மருந்தால வர்ற உயிருக்கு ஆபத்தான எதிர்வினை)? பெரும்பாலும் சாதாரண காரணம்தான் இருக்கும், ஆனா ஒவ்வொரு தடவையும் முழுசா யோசிச்சாகணும், அதுக்கான மருந்து டான்ட்ரோலின் எந்த வண்டில இருக்குன்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கணும். நல்ல நாள்னா அன்னைக்கு ஒரு சம்பவமும் இருக்காது, நீங்க என்ன பண்ணீங்கன்னு பேஷண்ட்டுக்கு ஞாபகமும் இருக்காது. எழுப்பறது, டியூப் எடுக்கறது, அப்ப லாரிங்கோஸ்பாசம் (குரல்வளை இறுகி மூச்சு அடைக்கிறது) வந்தா சமாளிக்கறது, அங்க வரைக்கும் நிக்கணும். அதனால இன்னொரு தடவை ஷேடோ பண்ணுங்க (கூடவே இருந்து பாருங்க), ஒரு முழு நாள், கடைசி பேஷண்ட் ரெகவரில கண்ணு முழிக்கிற வரைக்கும். போரடிச்சா தப்பே இல்ல, நர்ஸிங்ல வேற நூறு வழி இருக்கு.

அப்பா கேக்குறது நியாயமான கேள்விதான், சண்டை போடாதீங்க. அனஸ்தீசியாலஜிஸ்ட் ஆகணும்னா டிகிரிக்கப்புறம் மெடிக்கல் ஸ்கூல் நாலு வருஷம், ரெசிடென்சி நாலு வருஷம். பெயின் ஃபெலோஷிப், ஐசியூ டாக்டர், இப்படி மனசு போகுதுன்னா அதான் வழி, அத மறைச்சு பேசறதுல அர்த்தம் இல்ல. ஆனா நர்ஸ் அனஸ்தீசியாங்கறது டாக்டர் சீட் கிடைக்காதவங்க ஒதுங்குன இடம்னு அவர் நெனச்சா, அது தப்பு. இந்த நாட்டுல 1800கள் கடைசிலயே நர்ஸுங்க ஈதர் குடுத்துட்டு இருந்தாங்க. மேயோ ஆஸ்பத்திரில ஆலிஸ் மகாவ்னு ஒரு நர்ஸ், 14,000க்கு மேல கேஸ் பண்ணி, அனஸ்தீசியாவால ஒரு சாவும் இல்லன்னு 1906லயே எழுதி வெளியிட்டாங்க. ஈதர் சொட்டு சொட்டா விடும்போது பேஷண்ட்கிட்ட பேசிக்கிட்டே தூங்க வைப்பாங்களாம், பேச்சுலயே பாதி மருந்து மிச்சம். நர்ஸ் அனஸ்தீசியா சங்கம் 1931ல அகதா ஹாட்ஜின்ஸ்ங்கற நர்ஸ் ஆரம்பிச்சது. இதையெல்லாம் அப்பாகிட்ட சொல்லுங்க, கேப்பாரான்னு தெரியல, அப்பாங்க கேக்க மாட்டாங்க.

வேலை எப்படி இருக்கும்ங்கறது இடத்த பொறுத்து ரொம்ப மாறும். பெரிய ஆஸ்பத்திரில ஒரு அனஸ்தீசியாலஜிஸ்ட் ஒரே நேரத்துல நாலு ரூம் வரைக்கும் டைரக்ட் பண்ணுவார், ஒவ்வொண்ணுலயும் ஒரு சிஆர்என்ஏ. கிராமத்து ஆஸ்பத்திரில ராத்திரி சிசேரியன்னா நீங்க ஒருத்தர்தான். மெடிகேர்ல (வயசானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) டாக்டர் மேற்பார்வை வேணும்ங்கற விதிய மாநில கவர்னர் விலக்கிக்கலாம்னு 2001ல வந்துச்சு, அயோவா முதல்ல விலக்குச்சு, இப்ப இருபதுக்கு மேல மாநிலம் இருக்கு. நர்ஸ் சங்கம், அனஸ்தீசியாலஜிஸ்ட் சங்கம் ரெண்டும் இதுக்கு முட்டிக்கிட்டே இருக்கும், நீங்க இப்பவே அதுல கட்சி சேர வேணாம்.

ஒரு கஷ்டமான விஷயமும் சொல்லணும். ஃபென்டனில், புரோபோஃபால் எல்லாம் தினமும் கைல இருக்குற தொழில், அடிக்ஷன் இந்த ஃபீல்டுல நிஜமான ஆபத்து, டாக்டர் நர்ஸ் ரெண்டு பக்கமும். ஸ்கூல்லயே இதுக்கு பாடம் இருக்கு, சங்கத்துல பியர் அசிஸ்டன்ஸ் (சக தொழில்காரங்க உதவி) இருக்கு. தூக்கம், துக்கம் இதையெல்லாம் நீங்க எப்படி சமாளிக்கிறீங்கன்னு இப்பவே கவனிச்சுக்கோங்க.

நேரா_பேசுவேன்:

எல்லாரும் ஆசை ஆர்வம்னு பேசுறீங்க, சம்பளம் வருஷத்துக்கு 2 லட்சம் டாலருக்கு மேலன்னு யாரும் வாயத் திறக்கல 😄 மீடியனே (நடு ஆளோட சம்பளமே) அதுக்கு மேலதான். காசுக்காக போறவங்க மட்டமா?

தலைமாட்டு_ஆளு:

யாரு மட்டம்னு சொன்னா? நானும் வீட்டுக்கடன் கட்டுறேன். காசு மட்டுமே காரணம்னா ஸ்கூல் ரெண்டாவது வருஷம் நடுராத்திரி படிக்கும்போது அந்தக் காரணம் ரொம்ப தூரத்துல இருக்கும், அவ்ளோதான்.

பிஎஸ்என்_ஜூனியர்:

இவ்ளோ பேர் இவ்ளோ நேரம் எடுத்து எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் நன்றி. அந்த டெலிரியம் பேஷண்ட் விஷயம் கொஞ்சம் சுருக்குன்னுச்சு அக்கா, ஆனா சரிதான். தலைமாட்டு அண்ணா, கேஸ் முழுசா பாக்கல, பாதில எங்கள லஞ்சுக்கு கூப்டுட்டாங்க. முழு நாள் ஷேடோ பண்ண யார்கிட்ட கேக்கணும்? அடுத்த வருஷம் ஐசியூ கிடைக்க இப்பவே எதாச்சும் பண்ணலாமா?

சிவிஐசியூ_நைட்ஷிப்ட்:

ஷேடோவுக்கு ஆஸ்பத்திரி எஜுகேஷன் ஆபீஸ், இல்லன்னா அனஸ்தீசியா டிபார்ட்மெண்ட்ல சீஃப் சிஆர்என்ஏன்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்களுக்கு ஒரு சின்ன மெயில் போடு, தடுப்பூசி பேப்பரும் ஹிப்பா (பேஷண்ட் ரகசியம் காக்குற சட்டம்) ஃபார்மும் கேப்பாங்க, முன்னாடியே எடுத்து வச்சுக்க. ஐசியூவுக்கு, லீவுல நர்ஸ் டெக் (நர்ஸுக்கு உதவியாளர்) வேலை எங்க கிடைக்குதோ சேந்துடு, ஐசியூவாவே கிடைச்சா லக்கு. கடைசி வருஷம் பிரிசெப்டர்ஷிப் எந்த யூனிட்டுன்னு ஃபார்ம் குடுப்பாங்க, முதல் சாய்ஸ் ஐசியூ போடு, அங்கயே ரெசிடென்சிக்கு மேனேஜர் உன் மூஞ்சிய பாத்துருப்பாங்க. ரெசிடென்சி அப்ளிகேஷன் பல இடத்துல டிகிரி முடியறதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே திறந்து மூடிடும், என்க்ளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை) எழுதிட்டு பாத்துக்கலாம்னு விட்டுடாத.