ஹாலோவீன்: பழைய விழாவைத் திருச்சபை விழுங்கியதா?

நெருஞ்சி: ஹாலோவீன் கொண்டாடும் அக்டோபர் 31 இரவு, பழைய அயர்லாந்துக்காரர்களின் சம்ஹைன் விழா. மலையில் மேய்ந்த மாடுகள் கீழே இறங்கும், குளிர்காலம் பிறக்கும், மாய உலகின் கதவு திறக்கும். அதை ஒழிக்க முடியாமல்தான் ரோமாபுரி நவம்பர் 1ஐப் புனிதர்களுக்குக் கொடுத்தது. (சம்ஹைனின் உச்சரிப்பு 'சாவின்'. அதற்காக இங்கே யாரும் தமிழ் வேர்ச்சொல் தேடிக் கிளம்ப வேண்டாம்!)

ஏட்டுப்பூச்சி: கேட்க நன்றாக இருக்கிறது, தேதிதான் உதைக்கிறது. 609இல் ரோமின் பாந்தியன் கோயில் மரியாளுக்கும், விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளுக்கும் அர்ப்பணிக்கப்பட்ட நாள் மே 13; புனிதர் விழாவின் முன்னோடி அதுதான். கி.பி. 800ஐ ஒட்டிய ஐரிஷ் நாட்காட்டியோ எல்லாப் புனிதர்களையும் ஏப்ரல் 20இல் நினைவுகூர்கிறது. சம்ஹைனை விழுங்குவதுதான் நோக்கம் என்றால், அயர்லாந்தில் அல்லவா முதலில் வாய் திறந்திருக்க வேண்டும்? நவம்பர் 1ஐ 835இல் தன் பேரரசு முழுக்கப் பரப்பியவர் பிராங்க் பேரரசர் லூயி.

நெருஞ்சி: தேதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தீ மூட்டுவதும் முகமூடி போடுவதும் எந்தத் திருச்சபை கற்றுக்கொடுத்தது? அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் த்லாக்டா குன்றில் மூட்டிய சம்ஹைன் தீ?

ஏட்டுப்பூச்சி: அந்தத் தீயைப் பற்றி விரிவாக எழுதிய கீட்டிங் 17ஆம் நூற்றாண்டுப் பாதிரியார். பழங்கதைகளில் சம்ஹைன் உண்டு, மறுக்கவில்லை. அவற்றில் நான் காண்பது அரசர் அவையும் விருந்தும் பூதங்களும்தான். இறந்தோர் வழிபாடு எங்கே?

மெழுகுவர்த்தி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நவம்பர் 2, எங்கள் ஊரில் கல்லறைத் திருநாள். பாட்டியின் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சம்ஹைன் கொண்டாடிய பழைய கெல்டியரை எங்களுக்குத் தெரியாது. இறந்தவர் நினைவு திருச்சபை வழியாகவும் வரும், நெருஞ்சி ஐயா.

நெருஞ்சி: வரட்டும். ஆனால் உங்கள் ஊரில் பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போவதில்லையே! அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது ஏன் அந்த ஓர் இரவில் ஒட்டிக்கொண்டது? அதற்குப் பதில் சொல்லாமல் ஏட்டையே புரட்டுகிறீர்கள். எழுதி வைக்காத கூட்டத்திடம் ஏட்டைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஏட்டுப்பூச்சி: இங்கிலாந்தில் கத்தோலிக்கர் காலத்திலிருந்தே இறந்தோருக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி வீடு வீடாக 'ஆன்மா ரொட்டி' வாங்கினார்கள். அதையும் கணக்கில் எடுங்கள். எழுத்தில்லாத இடத்தில் 'இருந்திருக்கலாம்' என்று சொல்லுங்கள், தலையாட்டுகிறேன். 'இருந்தது' என்றால் மாட்டேன்.

நெருஞ்சி: பூசணிக்காயையாவது விட்டுவைப்பீர்களா?

ஏட்டுப்பூச்சி: அது அமெரிக்கக் காய். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், கப்பலேறிப் போன இடத்தில் குடைவதற்கு எளிதாகப் பூசணி கிடைத்ததும் அதற்கு மாறிவிட்டார்கள்.

நெருஞ்சி: டர்னிப்பை ஒப்புக்கொண்டீர்கள். இன்றைக்கு இது போதும்.