புதுப்பிப்பு: சூடேறிய எஞ்சின்

மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன்: சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் என் காரின் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது, பட்டறையில் ‘ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்குள் எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்’ என்று 4,000 வெள்ளி கேட்டார்கள். சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிய 14 மாதங்களே இருக்கும் காருக்கு!

உங்களில் பலர் சொன்னபடி பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அந்த அண்ணன் முதலில் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார். பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கவில்லை, அதாவது எண்ணெயில் தண்ணீர் கலந்த அடையாளம் இல்லை. பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். பம்பின் அழுத்தமுள் மெல்ல இறங்கியது, எங்கோ கசிகிறது என்று அர்த்தம். டார்ச் அடித்துக் காட்டினார்: தண்ணீர்ப் பம்பின் அடியில், பண்டோங் (ரோஜாப் பால் பானம்) சிந்திக் காய்ந்ததுபோல் கூலண்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இளஞ்சிவப்புப் படிவு. கசிவு அங்கேதான். பம்பு, தெர்மோஸ்டாட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 480 வெள்ளி.

திரும்பும் வழியில் ஒரு வேன் பின்னோக்கி வந்து பம்பரை இடித்தது. (என் ராசி அப்படி.) ஓட்டுநர் 100 வெள்ளியை நீட்டினார், வாங்கவில்லை. சிறு கீறலானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்துவிட்டேன். பதில் வரவில்லை.